நகையை அடகு வைத்து ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய ஸ்டுடியோ நடத்தும் 34 வயது வாசகர் ஒருவர், பெயர் வெளியிட வேண்டாம் என்ற குறிப்புடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

ஆண்டுக்கு 20, 22 கல்யாணங்கள் எடுக்கிறார். பாதிக்கு மேல் திருவந்திபுரத்தில் விடியற்காலை முகூர்த்தம். மீதி கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி மண்டபங்களில். 2019-இல் வாங்கிய நிக்கான் டி7200, அதோடு வந்த 18-140 கிட் லென்ஸ், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ், ஒரு ஃப்ளாஷ். இவ்வளவுதான் அவர் கையில் இருப்பது. ஜேபெக்கில் மட்டுமே எடுக்கிறார். ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன் அளவு) 3200-ஐத் தாண்டப் பயம். அதனால் படத்தைக் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றுகிறார். ஆல்பம் பிரிண்டில் குருணை தெரிகிறது என்று இரண்டு வீட்டார் குறை சொல்லிவிட்டார்கள். ‘உங்களிடம் ஃபுல் ஃப்ரேம் இருக்கிறதா?’ என்று, அதாவது பெரிய சென்சார் உள்ள கேமரா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு புதுச்சேரிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களும் உண்டு.

நிக்கான் இசட்5 டூ பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) 24-120 எஃப் 4 லென்ஸும் சேர்த்து இரண்டேகால் லட்சம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். மனைவியின் நகையை வைத்து வாங்கலாம் என்பது அவர் எண்ணம். புதுச்சேரியில் வரி குறைவு என்று நண்பர் சொல்கிறார். இன்னொருவர் பயன்படுத்திய நிக்கான் டி750 பாடியை 48,000 ரூபாய்க்குத் தருகிறாராம். ஆல்பம், உதவியாளர், பெட்ரோல் எல்லாம் போக ஒரு கல்யாணத்துக்கு எட்டாயிரம் கையில் நிற்கிறது. ‘என்ன செய்யட்டும்?’ என்பது கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் நகையைத் தொடாதீர்கள். உங்கள் படங்களில் இப்போது இருக்கும் குறைக்குப் புது பாடி முதல் மருந்து இல்லை. ஆனால் உங்களுக்கு இன்னொரு பாடி அவசியம் வேண்டும். அதற்கான காரணம் நீங்கள் நினைப்பது அல்ல. அதைக் கீழே சொல்கிறேன்.

குருணை எங்கிருந்து வருகிறது

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். உங்கள் டி7200-இல் இருப்பது ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பரப்பளவில் பெரியது சிறியதைப்போல 2.36 மடங்கு. ஒரே அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சார் மொத்தத்தில் அந்த அளவுக்கு அதிக வெளிச்சம் வாங்கும். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஒன்றேகால். லாபம் உண்மைதான், ஆனால் அவ்வளவுதான் அது.

இப்போது உங்கள் லென்ஸைப் பாருங்கள். 18-140-ஐ முழுக்க நீட்டினால் அபெர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. நடுவில் நின்றாலும் எஃப் 5 பக்கம்தான். தாலி கட்டும் கை அசையும் என்பதால் ஷட்டரை 1/160-க்குக் கீழே இறக்க முடியாது. ஆக, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த மண்டப வெளிச்சத்தில் சரியான எக்ஸ்போஷருக்கு ஐஎஸ்ஓ 6400 வேண்டியிருக்கும். அதே டி7200-இல் எஃப் 2.8 லென்ஸ் மாட்டினால் வெளிச்சம் நான்கு மடங்கு. ஐஎஸ்ஓ 1600 போதும். கடைக்காரர் சொன்ன ஃபுல் ஃப்ரேமும் எஃப் 4 லென்ஸும் என்றால் ஐஎஸ்ஓ 3200. பரப்பளவின் 2.36 மடங்கால் வகுத்தால் அது உங்கள் சென்சாரில் ஐஎஸ்ஓ 1350-இல் எடுத்ததற்குச் சமம். 1600 எங்கே, 1350 எங்கே! அந்த வித்தியாசத்தை 12-க்கு 36 அங்குல ஆல்பம் தாளில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். புதிய சென்சாரின் அமைப்பால் இன்னும் ஒரு சிறு லாபம் கிடைக்கும். அதற்கு இரண்டேகால் லட்சமா என்பதுதான் கேள்வி.

‘ஃபுல் ஃப்ரேமில் எஃப் 4 போதும், சென்சார் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நம்பி வாங்குகிறார்கள். பெரிய சென்சார் கொடுக்கிற ஒன்றேகால் ஸ்டாப்பை, எஃப் 2.8-க்குப் பதில் எஃப் 4 வாங்கும்போது ஒரு ஸ்டாப் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

எஃப் 1.8-இல் ஃபுல் ஃப்ரேமை வைத்து இருட்டை ஜெயிக்கலாமே என்றால், கல்யாணத்தில் அதற்கு ஒரு தடை இருக்கிறது. ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், கூர்மையாக நிற்கும் ஆழம் மொத்தம் 17 சென்டிமீட்டர். 85 மி.மீ. என்றால் ஆறு சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை முகம் தெளிவாக இருக்கும். அவருக்கு ஒரு சாண் முன்னால் குனிந்திருக்கும் பெண்ணின் முகம் மங்கிவிடும். நாத்தனார் விளக்கைப் பிடித்துப் பின்னால் நிற்பதும் போய்விடும். எல்லோரும் தெளிவாக வேண்டும் என்று எஃப் 4-க்கு மூடினீர்கள் என்றால், உங்களுடையது போன்ற க்ராப் (சிறிய சென்சார்) பாடியில் எஃப் 2.8-இல் கிடைக்கும் அதே ஆழம், ஏறக்குறைய அதே குருணை. முகூர்த்த நேரத்தில் பெரிய சென்சாரின் சலுகை இப்படித்தான் கரைகிறது. தனி ஆள் போர்ட்ரெய்ட், புதுச்சேரி வெள்ளை நகரத் தெருக்களில் எடுக்கும் ஜோடிப் படங்கள் இவற்றுக்கு அந்த மெல்லிய ஆழம் அழகு. அங்கே ஃபுல் ஃப்ரேமின் மதிப்பே வேறு.

காசு செலவில்லாமல் முதலில் மாற்ற வேண்டியது

ஜேபெக்கில் இருட்டாக எடுத்து வெளிச்சம் ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட்தான்; நிழல் பகுதியின் விவரத்தை கேமராவே சுருக்கி எறிந்துவிட்டிருக்கும். அதை இரண்டு ஸ்டாப் தூக்கினால் குருணையோடு சேர்ந்து முகத்தில் திட்டுத் திட்டாக நிறமும் உடையும். உங்கள் வாடிக்கையாளர்கள் குறை சொன்னது பெரும்பாலும் இதைத்தான் என்று நினைக்கிறேன். ஐஎஸ்ஓ 6400-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம், 1600-இல் எடுத்து இரண்டு ஸ்டாப் தூக்கிய ஜேபெக்கைவிட நிச்சயம் நன்றாக இருக்கும்.

ராவில் (சென்சார் பதிந்த விவரத்தை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். 14 பிட் லாஸ்லெஸ் என்று வைத்தால் ஒரு கோப்பு 28 எம்பி அளவு. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய இரண்டாயிரம் அடங்கும். டி7200-இல் இரண்டு கார்டு இடம் இருக்கிறது; முதலாவதில் ரா, இரண்டாவதில் ஜேபெக் என்று வைத்தால் கார்டு பழுதானாலும் கல்யாணம் தப்பிக்கும். லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் வந்த, குருணை நீக்கும் டீநாய்ஸ் வசதி ரா கோப்புகளில்தான் வேலை செய்யும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆகலாம். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த நூறு, நூற்றைம்பது படங்களுக்கு மட்டும் இரவில் ஓடவிட்டால் போதும்.

அடுத்து, கடைசி மூன்று கல்யாணங்களில் நீங்கள் ஒதுக்கிய படங்களைத் திறந்து காரணத்தோடு எண்ணுங்கள்: ஃபோகஸ் தவறியது, கை ஆடியது, ஆள் அசைந்தது, குருணை, கண் மூடியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதுங்கள். எந்தச் செலவுக்கும் முன்னால் இந்தப் பட்டியல் வேண்டும். குருணை முதலிடத்தில் இருந்தால் லென்ஸும் வெளிச்சமும் தீர்வு. ஃபோகஸ் முதலிடத்தில் இருந்தால் விஷயம் வேறு. இசட்5 டூ போன்ற கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) புது பாடிகள் கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடர்வதில் உங்கள் டி7200 கிட்டவே வர முடியாது. இசட்5 டூ வாங்க நியாயமான காரணம் அதுதான், குருணை அல்ல.

ஃபோகஸ் தவறுவதிலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாக முன்னாலோ பின்னாலோ விழுந்தால் அது சரிசெய்யக்கூடிய பிழை. டி7200-இன் செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் இருக்கிறது; லென்ஸ்வாரியாகத் திருத்தலாம். இருட்டில் ஓரப் புள்ளிகளை நம்பாமல் நடுவில் இருக்கும் 15 குறுக்குவகைப் புள்ளிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடாப்டர் போட்டால் பழைய லென்ஸ் ஓடுமா

இசட்5 டூவில் உங்கள் பழைய லென்ஸ்களை அடாப்டர் (இணைப்பு வளையம்) வழியாகத்தான் மாட்ட முடியும். பாதிதான் ஓடும். உங்கள் 50 மி.மீ. ‘டி’ வகை, உள்ளே மோட்டார் கிடையாது. டி7200 பாடியில் இருக்கும் திருகு மோட்டார்தான் அதைச் சுழற்றுகிறது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. அதனால் இசட் பாடியில் அந்த லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 18-140-க்கு ஆட்டோ ஃபோகஸ் கிடைக்கும். ஆனால் அது க்ராப் பாடிக்கான லென்ஸ் என்பதால் 24.5 மெகாபிக்சலில் நடுப்பகுதியை மட்டும் எடுத்து 10 மெகாபிக்சல் சொச்சம் தரும். 12-க்கு 18 அங்குலப் பக்கத்தில் உங்கள் டி7200 அங்குலத்துக்குச் சுமார் 330 பிக்சல் கொடுக்கிறது. அந்த நிலையில் இசட்5 டூ கொடுப்பது சுமார் 220. இரண்டேகால் லட்சம் கொடுத்துப் பின்னால் போவதாகிவிடும்.

இன்னும் சில இருக்கின்றன. பழைய பாட்டரி இடத்தில் பொருந்தும், ஆனால் குறைவான படங்கள்தான் வரும். புதிய பாட்டரியும் டி7200 தரும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அளவே தரும் என்பதால் முழுநாள் கல்யாணத்துக்கு மூன்றாவது வேண்டும். ஃப்ளாஷில் இருக்கும் சிவப்பு ஃபோகஸ் உதவி விளக்கு இசட் பாடிகளில் எரியாது. ரிசப்ஷன் மேடைகளில் இப்போது பின்னால் எல்இடி திரை வைக்கிறார்கள். சைலண்ட் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும், ஃப்ளாஷும் எரியாது. மெக்கானிக்கல் ஷட்டரில் வைத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/50 அல்லது 1/100 முயன்று பார்க்க வேண்டும். சில திரைகளுக்கு அதுவும் போதாது, வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தைத் தேட வேண்டும்.

நகையும் வட்டியும்

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டேகால் லட்சத்துக்கு மாதம் 2,250, வருடம் 27,000. உங்கள் கணக்கில் மூன்று கல்யாணத்துக்கு மேல் வட்டிக்கே எடுக்கிறீர்கள், அசல் அப்படியே நிற்கும். இரண்டு வருடத் தவணையாக மாற்றினாலும் மாதம் சுமார் 10,600. கல்யாணத்தில் உங்களுக்கு நிற்பது வருடம் 1.76 லட்சம், மாதத்துக்குப் பிரித்தால் 14,700. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவணை மட்டும் வரும். பாடி வாங்கிய முதல் வருடத்திலேயே விலை இறங்கும் பொருள். மனைவியின் நகை அப்படி இறங்காது, தேவைப்பட்ட அன்று வீட்டையும் காக்கும். இதை அவரோடு உட்கார்ந்து இதே எண்களோடு பேசுங்கள். முடிவில் அவருக்கும் சம உரிமை இருக்கிறது.

புதுச்சேரி விலை

நண்பர் சொல்வது பழைய கதை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊரிலும் ஒரே வரிதான். இப்போது கேமராவுக்குக் கடலூரிலும் 18 சதவீதம், புதுச்சேரி நேரு வீதியிலும் 18 சதவீதம். விலை கணிசமாகக் குறைகிறது என்றால் கடைக்காரரின் தள்ளுபடியாக இருக்கலாம். அல்லது பில் இல்லாத, இந்திய வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்காக இருக்கலாம். பெட்டியில் இந்திய வாரண்டி அட்டை இருக்கிறதா, பாடியின் வரிசை எண் பில்லில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதுச்சேரியில் வாங்கினால் வழக்கு அங்கேதான் போட வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். காப்பீடு எடுக்கவும் அதுதான் ஆதாரம். தானே, ஃபெஞ்சல் புயல்கள் இரண்டையும் பார்த்த ஊர்க்காரருக்குத் தரைத்தளக் கடையில் உபகரணம் வைத்திருப்பதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏன் இன்னொரு பாடி

கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்த விஷயம், ஒரே ஒரு பாடியோடு முகூர்த்தத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான். டி7200-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. நீங்கள் எடுத்த கல்யாணங்களைக் கணக்கிட்டால் அந்த எண்ணை நெருங்கியோ தாண்டியோ இருப்பீர்கள். தாண்டியும் பல காலம் ஓடும் பாடிகள் உண்டு, ஆனால் எந்த நாளில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது.

இங்கேதான் அந்த டி750 பொருளுள்ளதாகிறது. 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம். உங்கள் பாட்டரி, எஸ்டி கார்டு, ஃப்ளாஷ் மூன்றும் அப்படியே பொருந்தும். பாடியில் திருகு மோட்டார் இருப்பதால் 50 மி.மீ. டி லென்ஸ் ஆட்டோ ஃபோகஸோடு ஓடும். ஃபோகஸ் வேகத்தில் டி7200-ஐவிடப் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். 51 புள்ளிகளும் நடுவில் நெருங்கிக் கிடக்கும். வீடியோவும் 1080தான், 4கே கிடையாது. நிக்கான் புது லென்ஸ்களை இசட் மவுண்டுக்கே செய்கிறது என்பதால் இது நீண்டகால முதலீடும் இல்லை. ஆனால் இரண்டாவது பாடியாக, இருட்டில் 50 மி.மீ.யோடு தோளில் தொங்க, இதைவிட உங்கள் பைக்குப் பொருந்துவது தெரியவில்லை. வாங்கும் முன் இவற்றைப் பார்க்க வேண்டும்:

• புதிதாக ஒரு ஜேபெக் எடுத்து அதன் எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்புக்குள் கேமரா பதியும் விவரம்) ஷட்டர் எண்ணிக்கையைப் படியுங்கள். இதற்கும் 1,50,000தான் சோதனை அளவு. 80,000-க்குள் இருந்தால் அந்த விலைக்குப் பேசலாம். லட்சம் தாண்டியிருந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

• தொடக்கத் தயாரிப்புகள் சிலவற்றில் ஷட்டர் கோளாறு இருந்ததை நிறுவனமே அறிவித்து இலவசமாகச் சரிசெய்தது. இந்தப் பாடி அதில் அடங்குமா, சரிசெய்யப்பட்டுவிட்டதா என்று வரிசை எண்ணைக் கொடுத்து நிக்கான் சேவை மையத்தில் கேளுங்கள்.

• எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணெய்த் துளி, பூஞ்சை, கீறல் எல்லாம் தெரியும். சாயும் திரையை மேலும் கீழும் ஆட்டும்போது படம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே ரிப்பன் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது.

• இரண்டு கார்டு இடங்களிலும் எழுதவிட்டுப் பாருங்கள், உங்கள் ஃப்ளாஷை மாட்டி எரியவிடுங்கள். முதல் பில் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்றால் வாங்கியவரும் காவல் நிலையம் போக வேண்டியிருக்கும்.

வாங்கும் வரிசை

முதலில் டி7200-க்கு ஒரு 17-50 எஃப் 2.8 லென்ஸ். சிக்மா, டாம்ரான் இரண்டும் இந்த அளவில் நிக்கானுக்குச் செய்திருக்கின்றன, பயன்படுத்தியதே போதும். நாளை ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் இது வீணாகாதா என்று கேட்பீர்கள். பயன்படுத்திய பொருளின் விலையில் வாங்கிய லென்ஸ், பூஞ்சை படாமல் வைத்திருந்தால் அதே விலைக்கு அருகிலேயே போகும். மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்து வாங்குங்கள். நம் கடலோரத்தில் சிலந்தி நூல் போன்ற பூஞ்சை மிகச் சாதாரணம். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மானி வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். மாசிமகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுத்தால், வந்தவுடன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து உலர்த்துங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, இன்னொரு ஃப்ளாஷும், அதைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் ட்ரிக்கரும். திருவந்திபுரத்தில் ஒரே முகூர்த்தத்தில் பல ஜோடிகள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். விளக்குக் கம்பம் நிறுத்த இடம் இருக்காது. உதவியாளர் மோனோபாடில் ஃப்ளாஷை உயர்த்தி, ஜோடிக்குப் பக்கவாட்டில் 45 டிகிரியில் பிடிக்கட்டும். கல்மண்டபக் கூரையில் பட்டுத் திரும்பும் என்று மேல்நோக்கி அடித்தால் வெளிச்சம் அங்கேயே செத்துவிடும். மண்டபத்தின் வெள்ளைக் கூரையில் மட்டும் அந்த முறை எடுபடும்.

மூன்றாவதாக டி750, மேலே சொன்ன சோதனைகளில் தேறினால். மூன்றும் சேர்ந்தாலும் புது பாடிக்கும் லென்ஸுக்கும் கேட்ட தொகையில் பாதிக்குள் முடியும். ஒவ்வொன்றாக, கல்யாண வருமானத்திலிருந்தே வாங்கலாம். ‘ஃபுல் ஃப்ரேம் இருக்கிறதா?’ என்று கேட்பவர்களுக்கு ‘இருக்கிறது’ என்று உண்மையாகவே சொல்லலாம். அதோடு விடியற்காலை முகூர்த்தத்தில் எடுத்த ஒரு முழு ஆல்பத்தை மேசையில் விரித்து வையுங்கள். கேள்வி அங்கேயே மாறும்.

தை முதல் பங்குனி வரையான முகூர்த்தங்களை இப்படி எடுங்கள். நடுவில் ஒரு ரிசப்ஷனுக்கு இசட் பாடி ஒன்றை எஃப் 2.8 லென்ஸோடு வாடகைக்கு எடுத்து, உங்கள் டி7200-ஐயும் தோளில் வைத்துக்கொண்டு பயன்படுத்திப் பாருங்கள். பிறகு ஒதுக்கிய படங்களின் பட்டியலை மறுபடி எழுதுங்கள். அப்போதும் ஃபோகஸ்தான் முதலிடத்தில் நின்றால், அல்லது கேட்பவர்களில் பலர் 4கே வீடியோவும் சேர்த்துக் கேட்டால், இசட்5 டூ வாங்கும் நேரம் வந்துவிட்டது. அன்று 24-120 எஃப் 4 வேண்டாம். நிக்கான் இசட் 28-75 எஃப் 2.8-ஓடு விலை கேளுங்கள். வீடியோவுக்குக் கணக்கு வேறு: விநாடிக்கு 150 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 67 ஜிபி ஆகும். கார்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.